முதலாளிமார் எடுக்க மாட்டார்கள் என்று யார் சொன்னது?

தொழில் தெரிந்த பையன்மார் கிடைப்பதில்லை என்று நாம் எல்லோரும் குறைபட்டுக்கொள்கிறோம். ஆனால் தொழில் பழக வருகிறவர்களில் சிலரைப் பயிற்சி நிலையங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. அதுவும் நமது பெயரைச் சொல்லி.

என்னிடம் துணி எடுக்கும் தையற்காரர் ஒருவரின் மகனுக்குக் காது கேட்காது. க.பொ.த. சாதாரண தரம் சித்தியடைந்தவர். கையடக்கத் தொலைபேசி திருத்தும் பாடநெறிக்கு ஒரு தனியார் நிலையத்தில் விண்ணப்பித்தார். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கொடுத்துப் பார்க்காமல், "படித்து முடித்தாலும் எந்த முதலாளியும் எடுக்க மாட்டார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பக் கட்டணம் மட்டும் திரும்பி வரவில்லை.

போன் திருத்துவதற்கு வேண்டியது கண்ணும் விரலும் பொறுமையும். ஸ்பீக்கரையும் மைக்கையும் சோதிக்கத்தான் காது வேண்டும். அதைப் பக்கத்து மேசைக்காரர் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார். வாடிக்கையாளரோடு பேரம் பேசுவது எப்படியும் முன்னால் இருப்பவர்தானே.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலும் இயலாமையை வைத்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். இது தொடர்பான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் ஒரு சிறிய பாடநெறிக்காக எந்தத் தகப்பன் சட்டத்தரணிக்குக் காசு கட்டுவார்?

எல்லா மறுப்பும் அநீதி என்று நான் சொல்லவில்லை. பார்வையற்றவரை லொறி ஓட்டப் பழக்க முடியாது. அந்த வேலைக்கு என்ன தேவை, இவரால் என்ன முடியும் என்று பார்த்த பிறகு சொல்வது வேறு, விண்ணப்பத்தைக் கண்டவுடன் சொல்வது வேறு. கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாகவும், பயணங்களின்போது மதீனாவில் தமது பொறுப்பிலும் நியமித்தார்கள். ஜும்ஆவில் இதைக் கேட்டுவிட்டுக் கடைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

எங்கள் தெருவில் போன் கடை வைத்திருக்கும் இருவரும் நானும் அந்த நிலையத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பையனை ஒரு வாரம் வகுப்பில் வைத்துப் பாருங்கள், முடித்துவிட்டால் செயல்முறைப் பயிற்சிக்கு இந்த இரண்டு கடைகளும் பொறுப்பு என்று, கடை முத்திரையோடு. பயிலுநர் எடுக்கும் சகோதரர்கள் தங்களுக்குப் பழக்கமான நிலையங்களுக்கு இப்படி எழுதலாம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள். நாங்கள் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.