கோடையில் அச்சுப்பொறி ஏன் அடைத்துக்கொள்கிறது?

முப்பரிமாண அச்சுப்பொறியின் எக்ஸ்ட்ரூடரில், பல்சக்கரம் 1.75 மி.மீ. பிளாஸ்டிக் இழையைப் பற்றிக் கீழே தள்ளும். அடியில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் இழை உருகி, பெரும்பாலும் 0.4 மி.மீ. துளையுள்ள நாசில் வழியே வெளிவரும். உருகாத இழையே பிஸ்டன்போல் உருகியதை அழுத்துவதால், அது விறைப்பாக இருந்தாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். இழையாகப் பயன்படும் பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். தமிழ்நாட்டுச் சமவெளியில் கோடை வெப்பம் 40 டிகிரியை எட்டும், அச்சுப்பொறியின் மூடிய பெட்டிக்குள் இன்னும் கூடும். அடியிலிருந்து சூடு மேலேறினால், இழை நடுவழியில் உப்பி அடைத்துக்கொள்ளும்.

சூட்டைத் தடுப்பது இடையிலுள்ள மெல்லிய குழாய். அலுமினியத்தைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பத்து மடங்குக்கும் மேல் மந்தமாக வெப்பத்தைக் கடத்தும். டைட்டானியக் கலவை அதைவிடவும் மந்தம். சுவர் மெலிந்தால் சூடு ஏறும் வழியும் குறுகும். குழாய்க்கு மேல் அலுமினியத் தகடுகளும் விசிறியும் உண்டு. ஆனால் விசிறி இழுப்பது அறைக்காற்றைத்தான். ஆகவே கோடையில் பி.எல்.ஏ. அச்சிடும்போது பெட்டியின் கதவைத் திறந்துவைப்பதே மலிவான தீர்வு.