பசியின் கணக்கு – 11: பட்டியலில் மட்டும் இருந்த பிள்ளைகள்

ஒரு பெயர்ப் பட்டியல். ஒரு பத்தியில் பிள்ளைகளின் பெயர், பக்கத்துப் பத்தியில் வயது. ‘இத்தனை பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டோம், செலவைக் கொடுங்கள்’ என்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில அரசுக்குப் போன பட்டியல். பார்வைக்குப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போலத்தான் இருந்திருக்கும்.

பெயர்களை எங்கிருந்து எடுத்தார்கள்? கேட்டவுடன் மனிதப் பெயர்களை வரிசையாக அடுக்கித் தரும் இணையதளம் ஒன்று உண்டு. அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். வயதுக்கு எக்செல் கைகொடுத்தது. இந்த எண்ணுக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே ஏதாவது ஓர் எண்ணைப் போடு என்றால் போட்டுவிடும் ஃபார்முலா அதில் இருக்கிறது. பிள்ளைகள் சாப்பிட்டால்தான் பணம் வரும் என்பதால் 7-க்கும் 17-க்கும் நடுவே என்று கொடுத்தார்கள். பெயரும் வயதும் வந்துவிட்டன. பிள்ளைகள்தான் இல்லை. 2022 செப்டம்பரில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் வெளியிட்ட குற்றச்சாட்டில் இருக்கும் விவரம் இது.

உணவு உதவியில் மோசடி நடக்கிறது, வந்தேறிகளுக்கு எதற்கு உதவி என்று அமெரிக்காவில் இன்று நடக்கும் சண்டையைப் புரிந்துகொள்ள இந்தப் பட்டியலில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். திருடியது யார், பழி யார் தலையில் விழுந்தது, தண்டனையை யார் அனுபவிக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் அங்கே மூன்று வெவ்வேறு பதில்கள் இருக்கின்றன.

அந்தப் பட்டியல் போனது ‘ஃபீடிங் அவர் ஃபியூச்சர்’ என்ற தொண்டு நிறுவனத்தின் வழியாக. மத்திய அரசின் குழந்தைகள் உணவுப் பணம் மாநிலக் கல்வித் துறைக்கு வரும். அங்கிருந்து இப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் போகும். அவர்கள் மூலமாகச் சாப்பாடு போடும் இடங்களுக்குப் போய்ச் சேரும். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியை நம்பித்தான் பணம் கொடுக்கிறது. கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்று விதிகளைத் தளர்த்தினார்கள். உணவகங்களும் இதில் சேரலாம், பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பலாம் என்றார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நேரில் போய்ப் பார்க்கும் வேலை அதோடு நின்றுபோனது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று சிலர் இறங்கிவிட்டார்கள்.

2019-ல் இந்த நிறுவனத்தின் வழியாகப் போன பணம் சுமார் 34 லட்சம் டாலர். 2021-ல் ஏறக்குறைய 20 கோடி டாலர். இடையில் கல்வித் துறைக்குச் சந்தேகம் வந்து சில விண்ணப்பங்களை நிறுத்தியது. உடனே நிறுவனம், சிறுபான்மை மக்களிடம் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று வழக்குப் போட்டது. மாநிலச் சட்டமன்றத்தின் தணிக்கையாளர் 2024-ல் கொடுத்த அறிக்கை, கல்வித் துறையின் கண்காணிப்பு போதாது, மோசடிக்கு அதுவே வழி திறந்துவிட்டது என்று சொன்னது. மோசடியில் போனது மொத்தம் 25 கோடி டாலர். ஆடம்பரக் கார்கள், வீடுகள், கென்யாவின் கடலோரத்தில் நிலம் என்று பணம் போன இடங்களைக் குற்றப்பத்திரிகை வரிசைப்படுத்துகிறது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகளின் சோற்றில் கை வைத்த காசு அது.

2024 ஜூனில் முதல் வழக்கு விசாரணை முடியும் நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஜூரியாக இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கு யாரோ வந்து ஒரு பரிசுப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே 1,20,000 டாலர் ரொக்கம். அந்தப் பெண் போலீசுக்குப் போன் போட்டார். நாணயத்தோடு நடந்துகொண்ட அவர் விதிப்படி ஜூரியிலிருந்து விலக்கப்பட்டார். ஐந்து பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

எழுபதுக்கும் மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் சோமாலிய வம்சாவளியினர். இதை மறைக்க வேண்டியதில்லை. மறைத்துப் பேசினால் இந்த விவாதத்தில் நம் பேச்சுக்கு மரியாதை இருக்காது. நிறுவனத்தின் தலைவி எய்மி பாக் ஒரு வெள்ளை அமெரிக்கர். 2025 மார்ச்சில் ஜூரி அவரையும் குற்றவாளி என்றது. அவரைக் காட்டி வெள்ளையர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று எவரும் சொல்லவில்லை. சோமாலியர்கள் விஷயத்தில் மட்டும், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்த்துவிட்டார்கள். 2025 டிசம்பரில் அமைச்சரவைக் கூட்டத்தில் அதிபர் டிரம்ப் அந்த மக்களைக் ‘குப்பை’ என்று சொல்லும் அளவுக்குப் போனது. மின்னசோட்டாவில் வாழும் சோமாலியர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள்.

இந்த வழக்குக்கும், நாடெங்கும் சண்டைக்கு நடுவே நிற்கும் ‘ஸ்னாப்’ திட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மின்னசோட்டாவில் நடந்தது குழந்தைகள் உணவுத் திட்டத்தில். ஸ்னாப் என்பது ஏழைகளுக்கான உணவு உதவி, பழைய பெயர் ‘ஃபுட் ஸ்டாம்ப்’. மேடையில் பேசும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஸ்னாப் நம் ரேஷன் கடை மாதிரி இல்லை. தனிக் கடை கிடையாது, அரிசி சர்க்கரை என்று அளந்து போடுவதும் கிடையாது. மாதம் ஒருமுறை ஒரு அட்டையில் பணம் ஏறும். அனுமதி பெற்ற எந்த மளிகைக் கடையிலும் அதைத் தேய்த்துச் சாமான் வாங்கலாம். ஆனால் சாப்பிடும் பொருள் மட்டும்தான். சோப்பு வாங்க முடியாது, குழந்தைக்கு டயப்பர் வாங்க முடியாது, மருந்து வாங்க முடியாது. சூடாக இருக்கும் பொரித்த கோழியை வாங்க முடியாது, அதுவே ஆறிப்போய்க் குளிர்பெட்டியில் இருந்தால் வாங்கலாம். 2024 நிதியாண்டில் மாதம் சராசரியாக 4.17 கோடி பேர் இந்த அட்டையில் சாப்பிட்டார்கள். ஆண்டுச் செலவு ஏறக்குறைய 10,000 கோடி டாலர். அதில் உதவியாகக் கையில் சேர்ந்தது சராசரியாக ஒரு ஆளுக்கு மாதம் 187 டாலர், ஒரு நாளைக்கு ஆறு டாலர் சொச்சம். அமெரிக்க விலைவாசியில் அது மூன்று வேளைக்கு எப்படிக் காணும் என்று, அங்கே பிள்ளைகள் இருக்கும் நம் வீட்டுப் பெற்றோரைக் கேட்டாலே சொல்வார்கள்.

சாப்பிடுகிறவர்கள் யார்? 2023-க்கான விவசாயத் துறையின் கணக்குப்படி நூற்றுக்கு 89 பேர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். இன்னொரு 6 பேர் குடியேறிப் பிறகு குடியுரிமை வாங்கியவர்கள். குடியுரிமை இல்லாதவர்கள், அகதிகள் எல்லாரையும் சேர்த்தாலும் நூற்றுக்கு ஐந்தைத் தொடவில்லை. பத்தில் நான்கு பேர் குழந்தைகள்.

ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களுக்கு ஸ்னாப் கிடையாது. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. ஹெச்-1பி விசாவில் போய் வரி கட்டும் நம் சாஃப்ட்வேர் பிள்ளைகளுக்கும் கிடையாது. கிரீன் கார்டு வாங்கிய பெரியவர்கள் பொதுவாக ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். பெற்றோருக்கு உரிமை இல்லாவிட்டாலும் அங்கே பிறந்த குழந்தைக்கு உண்டு. அந்தக் குழந்தைக்காக ஒரு தாய் விண்ணப்பம் போடுவதைத்தான் ‘வந்தேறிகள் வாங்கித் தின்கிறார்கள்’ என்கிறார்கள். டிரம்பின் முதல் ஆட்சியில், ஸ்னாப் வாங்கினால் கிரீன் கார்டுக்குத் தடையாகலாம் என்று ஒரு விதி வந்தது. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து அடுத்த ஆண்டே ஒழிந்தது. விதி போனாலும் பயம் போகவில்லை. உரிமையுள்ள குழந்தைக்குக்கூட விண்ணப்பிக்காத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

இனி, மோசடி என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்த ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புவதுதான் இந்த விவாதத்தின் பெரிய தீங்கு.

அட்டைக்காரர் கடைக்காரரிடம் போய், நூறு டாலருக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு ஐம்பது ரொக்கமாகக் கொடு என்பார். சாமான் எதுவும் கைமாறாது. மீதி ஐம்பது கடைக்காரர் பைக்குப் போகும். குடிக்கக் காசு தேடி இப்படிச் செய்கிறவரும் உண்டு, டயப்பர் வாங்கச் செய்கிறவரும் உண்டு. இது சட்டப்படி குற்றம். காகித ஸ்டாம்ப் இருந்த 1990-களில் ஒரு டாலருக்கு நாலு சென்ட் இப்படிப் போனது. அட்டை வந்தபிறகு ஒன்றரை சென்ட் அளவுக்கு இறங்கியது. மொத்தத் தொகை பெரியது என்பதால் அதுவே ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டாலர் ஆகிறது. சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன்.

மேடைகளில் முழங்கும் எண் வேறு. 2024-ல் ஸ்னாப்பின் ‘பிழை விகிதம்’ 10.93 சதவீதம். இதை எடுத்துக்கொண்டு பத்தில் ஒரு டாலர் திருட்டுப் போகிறது என்கிறார்கள். உண்மையில் இது கணக்குப் பிழை. கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இந்த வாரம் 20 மணி நேர வேலை, அடுத்த வாரம் 32 மணி நேரம். சம்பளம் மாறியதை அவர் தாமதமாகச் சொல்லியிருப்பார், அல்லது அலுவலகத்தில் தவறாகப் பதிந்திருப்பார்கள். கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுத்ததும் இதே விகிதத்தில்தான் சேர்கிறது. ஏழைக்குச் சேராமல் போன பணத்தையும் ஏழையின் திருட்டுக் கணக்கில் எழுதுகிறார்கள்.

இந்தப் பேச்சு புதிதில்லை. ஃபுட் ஸ்டாம்ப் பிறந்தது 1939 மே மாதம், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில். ஒரு பக்கம் விவசாயிகளிடம் உபரி குவிந்து கிடந்தது, இன்னொரு பக்கம் ஜனங்கள் பசியில். ஒரு டாலர் கொடுத்து ஆரஞ்சு நிற ஸ்டாம்ப் வாங்கினால் அரை டாலருக்கு நீல நிற ஸ்டாம்ப் இலவசம். நீலத்துக்கு உபரிப் பொருள் மட்டும் கிடைக்கும். அதே அக்டோபரில் முதல் முறைகேடு பிடிபட்டது. பிடிபட்டவர் ஒரு கடைக்காரர். அமெரிக்க உபரியை ஏழை வயிற்றோடு இணைத்த இந்த யோசனைக்கு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து நம் பெரியவர்கள் சாப்பிட்ட பி.எல். 480 கோதுமையும் அப்படிப்பட்ட உபரிதான்.

1976-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகப் போட்டியிட்ட ரொனால்டு ரீகன், எண்பது பெயர்களை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் சம்பாதிக்கும் சிகாகோப் பெண் ஒருத்தியைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். அப்படி ஒரு பெண் இருந்தார், லிண்டா டெய்லர். ஏமாற்றுக்காரர்தான். ஆனால் 1977-ல் நீதிமன்றத்தில் நிரூபணமான உதவித்தொகை மோசடி ஒன்பதாயிரம் டாலருக்கும் குறைவு. அந்த ஒருத்தியின் முகத்தை உதவி வாங்கும் அத்தனை தாய்மார்களுக்கும், குறிப்பாகக் கறுப்பினத் தாய்மார்களுக்கும் மாட்டிவிட்டார்கள். அன்று கறுப்பினத் தாய், இன்று சோமாலிய அகதி.

1996 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், முறைப்படி குடியேறியவர்களில் பெரும்பாலோரை ஃபுட் ஸ்டாம்ப்பிலிருந்து நீக்கியது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இழந்தார்கள். சட்டத்தால் மிச்சமாகும் என்று போட்ட கணக்கில் பாதியை நெருங்கும் தொகை, குடியேறியவர்களின் உதவியை வெட்டியதிலிருந்து வந்தது. ஓட்டு இல்லாதவன் வயிற்றில் அடிப்பது சுலபம். 2002-ல் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் ஆட்சியில் பலருக்குத் திரும்பக் கிடைத்தது. நல்லது செய்ததும் கெட்டது செய்ததும் ஒரே கட்சி என்று சொல்லிவிட முடியாது.

2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் பத்தாண்டுகளில் ஸ்னாப்பிலிருந்து 18,000 கோடி டாலருக்கு மேல் வெட்டுகிறது. அகதிகளுக்கும் அடைக்கலம் பெற்றவர்களுக்கும் இருந்த உரிமையை எடுத்துவிட்டது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அகதியைச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் காக்கவைத்து, விமானம் ஏற்றி அழைத்து வருவது அந்த அரசேதான். ஓராண்டு கழித்துத்தான் அவர் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். மொழி தெரியாமல், வேலை கிடைக்காமல் தவிக்கும் அந்த முதல் ஆண்டில்தான் சோறு வேண்டும், அப்போது இல்லை என்கிறார்கள். அமெரிக்கப் படைகள் வெளியேறியபோது தற்காலிக அனுமதியில் அழைத்து வரப்பட்ட ஆப்கானியர்களுக்கும் இதே கதி. இலங்கையிலிருந்து போய் அங்கே அடைக்கலம் பெற்ற நம் தமிழருக்கும் இதேதான். இவர்கள் யாரையும் மோசடி செய்தார்கள் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பட்டியலிலிருந்து பெயரை மட்டும் அடித்துவிட்டது.

அதே ஆண்டு நவம்பர் 1-ம் தேதி, அரசாங்க முடக்கத்தால் அட்டைகளில் பணம் ஏறவில்லை. நான்கு கோடிப் பேர் விழித்து நின்ற அந்த மாதத்தில், இறந்துபோன 1,86,000 பேர் பெயரில் உதவி போகிறது என்று பேசிக்கொண்டிருந்தார் விவசாயத் துறைச் செயலர் புரூக் ராலின்ஸ். இறந்தவர் பெயரை நீக்கத்தான் வேண்டும். அதற்காக உயிரோடு இருப்பவரின் தட்டைப் பிடுங்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு மோசடி. கடையில் கார்டு தேய்க்கும் கருவியின் மேல் அச்சு அசலாக இன்னொரு மூடியைப் பொருத்திவிடுவார்கள் திருடர்கள். தேய்க்கிறவரின் அட்டை விவரமும் ரகசிய எண்ணும் அதில் பதிவாகும். பணம் ஏறிய அன்று நள்ளிரவிலேயே வேறோர் ஊரில் யாரோ உருவிவிடுவார்கள். காலையில் அந்த ஸ்னாப் அட்டைக்குரிய தாய் கூடை நிறையச் சாமானோடு கல்லாவுக்கு வந்து தேய்த்தால் மீதி பூஜ்யம். வங்கி அட்டைகளுக்கெல்லாம் சிப் வந்து பத்தாண்டு ஆகிறது. ஏழையின் அட்டையில் பெரும்பாலும் பழைய காந்தப் பட்டைதான். கலிஃபோர்னியாதான் முதன்முதலாக, 2025-ல், சிப் வைத்த அட்டையைக் கொடுக்கத் தொடங்கியது. இப்படித் திருட்டுப் போன பணத்தை 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசு திருப்பிக் கொடுத்துவந்தது. அந்த ஏற்பாடு 2024 டிசம்பர் 20-ம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகு திருட்டுப் போன பணத்துக்கு மத்திய அரசு ஒரு சென்ட்டும் தருவதில்லை.

(தொடரும்)