கோபுரம் இருந்தது ஒரு குற்றமா?

லண்டன் த்ரெட்நீடில் தெருவில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து இருக்கிறதல்லவா? நம்ம ரிசர்வ் பாங்க்குக்குப் பெரியண்ணன் மாதிரி. அதன் மேற்குப் பகுதி நிற்பது ஒரு சர்ச் இருந்த இடத்தில்!

செயின்ட் கிறிஸ்டோபர் லீ ஸ்டாக்ஸ் என்று பெயர். 'ஸ்டாக்ஸ்' என்றதும் என்னைப் போன்ற பி.காம்.களுக்கு ஷேர் மார்க்கெட்தான் ஞாபகம் வரும். அதெல்லாம் இல்லை, ஸார்! பக்கத்தில் கறியும் மீனும் விற்கும் சந்தை. குற்றவாளிகளைக் கால் மாட்டி உட்கார வைக்கும் தொழுமரம் அங்கே இருந்தது. அதற்கு இங்கிலீஷில் ஸ்டாக்ஸ்.

1666-ல் லண்டனைத் தின்ற பெருந்தீயில் இந்தச் சர்ச்சும் எரிந்தது. செயின்ட் பால் கதீட்ரலைக் கட்டிய அதே கிறிஸ்டோபர் ரென் இதையும் எடுத்துக் கட்டினார். நெருப்புக்குத் தப்பித்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தப்ப முடியவில்லை!

1734-ல் பாங்க் அந்தத் தெருவுக்குக் குடிவந்தது. வியாபாரம் பெருகப் பெருக, இடம் போதவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளை வளைத்துப் போட்டது. வீடுகள் போனால் சர்ச்சுக்கு யார் வருவார்கள்?

1780 ஜூனில் வந்தது வினை. கத்தோலிக்கர்களுக்குச் சலுகை தந்த சட்டத்தை எதிர்த்துக் கிளம்பிய கலவரக் கும்பல், பாங்க் மீதும் பாய்ந்தது. பட்டாளம் வந்து விரட்டியது. ஆனால் டைரக்டர்களுக்குத் தூக்கம் போச்சு. அடுத்த தடவை எவனாவது சர்ச் கோபுரத்தில் ஏறிக்கொண்டு நம்மைத் தாக்கினால்?

அவ்வளவுதான். 1781-ல் பார்லிமெண்ட்டில் சட்டம் போட்டார்கள். 1782-ல் சர்ச்சை இடித்தே விட்டார்கள். செய்த தப்புக்கு அல்ல, நடக்கலாம் என்ற பயத்துக்கு! அந்தப் பயம் லேசில் போகவில்லை. கலவரத்தின்போது காவலுக்கு வந்த சிப்பாய்கள் 1973 வரை ராத்திரி ராத்திரி வந்துகொண்டிருந்தார்கள்.

கல்லறை இருந்த இடம் பாங்க்கின் தோட்டமாயிற்று. அதிலும் ஒரு கூத்து. ஜென்கின்ஸ் என்ற பாங்க் குமாஸ்தா, ஆறரை அடிக்கு மேல் உயரம். 1798-ல் இறந்தார். அறுத்துப் பார்க்கும் டாக்டர்களுக்காகப் பிணம் திருடுகிற காலம் அது. எனவே பத்திரமாக அந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். பிணத்துக்கும் லாக்கர்! பின்னாளில் பாங்க்கை மாற்றிக் கட்டியபோது அவரும் நன்ஹெட் கல்லறைக்கு இடம்பெயர்ந்தார்.

சர்ச்சின் பங்கு மக்களை, பாங்க்குக்குப் பின்னால் இருக்கும் செயின்ட் மார்கரெட் லாத்பரி சர்ச்சோடு சேர்த்துவிட்டார்கள். மோசே, ஆரோன் ஓவியங்களும் அங்கே போய்ச் சேர்ந்தன.

பாங்க்கின் கணக்கில் கட்டடம் 'சொத்து' என்று ஏறியிருக்கும். அதற்காகக் காணாமல் போன கோபுரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? பி.காம்.-ல் அது சொல்லித் தரவில்லை!