விடுமுறையும் ஊராராய்ச்சியும்

கோடை விடுமுறை வந்துற்றதும் மாணவர் பலர் அரசாங்க அலுவலகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் சின்னாள் அமர்ந்து, பொதுக்காரியங்கள் நடைபெறும் முறையைக் கற்க விழைகின்றனர். இதனை 'இன்டர்ன்ஷிப்' என்பர். நேற்று முளைத்த வழக்கமென்று இதனை எண்ணுவாருமுளர். சென்னையில் இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1915-ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர், சென்னைச் சர்வகலாசாலையில் இந்தியப் பொருளாதாரத்திற்கு முதற் பேராசிரியராக வந்தமர்ந்தார். அதற்குமுன் ஆக்ஸ்போர்டு நகரில் தொழிலாளர்க்கென ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரிக்குத் தலைவராயிருந்தவர் அவர். இந்நாட்டு வாழ்வை நூல்களைக்கொண்டு மட்டும் கற்பிக்க அவர்க்கு மனம் ஒப்பவில்லை. ஆதலின் 1916-இல் தம் மாணாக்கர் கையில் நீண்டதோர் வினாத்தாளைக் கொடுத்து, விடுமுறையில் தத்தம் ஊர் சென்று விடை எழுதிவரப் பணித்தார். நிலம் எவ்வளவு, அது யார் வசமுள்ளது, கூலி நெல்லோ காசோ, கடன் எத்துணை, ஊரைவிட்டுப் போனவர் எத்தனைபேர் என இவ்வாறு செல்லும் வினாக்கள். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், வட ஆற்காட்டுத் தூசி முதலிய ஊர்களின் செய்திகள் இவ்வாறு தொகுக்கப்பெற்று 1918-இல் நூலாயின. 1936-37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் முன்னின்று அவ்வூர்களிற் பலவற்றை மீண்டும் ஆராய்ந்தனர். பின்வந்த ஆராய்ச்சியாளரும் 2008 வரையில் இருவேல்பட்டுக்குச் சென்று வந்துள்ளனர். ஒரு மாணவன் விடுமுறையில் எழுதிய குறிப்பு, மூன்று தலைமுறை அறிஞர்க்கு அளவுகோலாயிற்று!

எனினும் அம்முறையில் ஒரு குறை உண்டு. அக்காலத்திற் கல்லூரி எய்தியோர் பெரும்பாலும் நிலமுடைய குடியினர். பண்ணையாளின் கடனைப் பண்ணைக்காரர் மகன் கேட்டெழுதினால், உள்ளபடி விடை வருமோ? கேட்பவன் யாவன் என்பதைப் பொறுத்தே விடையும் அமைகின்றது. இதனை நாம் சிறிதென ஒதுக்குதல் ஆகாது. ஏனெனில் இக்காலத்தும் அக்குறை வேறுருவில் நிற்கின்றது. தில்லியில் 2015-இல் தோன்றிய நிதி ஆயோக் மாணவர்க்குப் பயிற்சி தருகின்றது. ஆனால் ஊதியம் தருவதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிற் கடைசல் எந்திரத்தருகே நின்று உழைக்கும் ஒருவர், தம் மகளைத் தில்லியில் அறை வாடகை கொடுத்து இருமாதம் இருத்துதல் எங்ஙனம்? செல்லக்கூடியவரே செல்வர், அவர் கண்ட நாடே ஏட்டில் ஏறும்.

ஊரிலேயே செய்யும் பயிற்சிக்கோ பஸ் கட்டணம் போதும். 2018-ஆம் ஆண்டுக் கோடையில் மத்திய அரசாங்கம் கிராமத் துப்புரவுப் பணியில் 100 மணி நேரம் உழைக்க மாணவரை அழைத்தது. அவ்வுழைப்பைப் படிப்பின் பகுதியாகக் கணக்கிடவும் வழிசெய்யப்பட்டது. இது நல்லதோர் ஏற்பாடே. ஆயினும் துடைப்பம் ஏந்திப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவதோடு நில்லாமல், குப்பை ஏன் அவ்விடத்தே சேர்கின்றது என வினவுதலன்றோ ஆராய்ச்சி?

நம் மேற்குப் புறநகர்களில் வினவற்குரியன மிகப்பல. அம்பத்தூர் 2011-இற் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தானே மாநகராட்சியாயிற்று. பெயர் மாறியதனால் தெருவில் மாறியது யாது? கணக்கேட்டில் 'குழாய் உண்டு' என்றிருக்கும். வீட்டுக்காரியைக் கேட்டாலோ, 'குழாய் உண்டு தம்பி. நான் வேலைக்குப் போன பிறகுதான் தண்ணீர் வரும்' என்பார். இரண்டும் உண்மையே. முன்னதை மட்டும் எழுதுவோன் எழுத்தன். இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து, நீர் திறக்கும் நேரத்தை யார் குறித்தார் என்று தேடுவோனே பொதுக்காரியம் கற்றவன். அவனுக்கு அலுவலக ஏடு வேண்டின், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். விடை வருவதற்கு முப்பது நாள் வரை செல்லக்கூடும். ஆகவே விடுமுறையின் முதல் வாரத்திலேயே எழுதிவிடல் நன்று.

வீடுவீடாகச் செல்வோர் இன்னொன்றும் அறியவேண்டும். தாளும் எழுதுகோலுமாய் ஒருவன் வாயிலில் நின்றால், ரேஷன் கார்டு பறிபோமோ, குடியிருக்கும் இடம் போய்விடுமோ என்று மக்கள் அஞ்சுவர். யார் அனுப்பினார், எதன்பொருட்டு என்பதை முதலிற் கூறுக. பெயரெழுத விரும்பாதவரைப் பெயரின்றியே விடுக. எழுதி முடித்ததை அத்தெருவினர்க்குப் படித்துக் காட்டுக. பிழையை அவர்களே திருத்துவர்.

பூந்தமல்லியைச் சூழ்ந்த சிற்றூர்களில் மே மாதம் முதல் நாளன்று கிராம சபை கூடும். நம் விடுமுறையும் அப்போதுதான். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகையில் அங்கே ஒரு மாணவர் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கலாம். அதற்கு எவருடைய சிபாரிசுக் கடிதமும் வேண்டுவதில்லை.