வந்த டிராயிங், போகிற டிராயிங்

அறுபது, எழுபதுகளில் அம்பத்தூர் பட்டறைக்கு லாரி கம்பெனியிலிருந்து வேலை வருகிறது என்றால், நான்காக மடித்த அம்மோனியா பிரிண்ட் (டிராயிங்கின் நகல்) ஒன்று வரும். அளவு, டாலரன்ஸ், எந்த ஸ்டீல், எத்தனை மைக்ரான் பிளேட்டிங் எல்லாம் அதிலேயே இருக்கும். பர்ச்சேஸ்காரர் அதே பிரிண்டை இன்னும் இரண்டு பட்டறைக்கும் கொடுத்திருப்பார். மூன்று கொட்டேஷனில் எது குறைவோ அதற்கு ஆர்டர். பட்டறைக்காரர் யோசிக்க வேண்டியது எப்படிச் செய்வது என்பதை மட்டுமே. என்ன செய்வது, ஏன் அப்படி என்பதெல்லாம் அவர் வேலையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'ஏன்' என்று கேட்டிருந்தாலும் எதிரே இருந்தவரிடம் பெரும்பாலும் பதில் இருந்திருக்காது. அவருக்கே டிராயிங் கடல் தாண்டித்தான் வந்தது. எண்ணூரில் லேலண்டின் டிராயிங், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் கார் கம்பெனியில் டிரையம்ப் ஹெரால்டின் டிராயிங். பாடியில் 1960-களின் தொடக்கத்தில் வரிசையாக எழுந்த உதிரிபாகத் தொழிற்சாலைகளும் அப்படித்தான். லூகாஸ்-டிவிஎஸ், சுந்தரம்-கிளேட்டன் என்று கம்பெனிப் பெயரைப் படித்தாலே டிராயிங்கின் சொந்த ஊர் இங்கிலாந்து என்று தெரிந்துவிடும். உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. அதனால் செய்யும் கை இங்கே வளர்ந்தது. வடிவமைக்கும் மூளையை யாரும் கேட்கவில்லை.

ஒரு பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மில்லிமீட்டர் தகடு, 90 டிகிரி வளைவு, உள் ரேடியஸ் 0.5 என்று டிராயிங் சொல்கிறது. பிரஸ்ஸில் அடித்தால் வளைவோரம் மயிரிழை விரிசல் விடும். ரேடியஸைத் தகட்டின் கனத்துக்காவது ஏற்றினால் விரிசல் நின்றுவிடும் என்பது டை போடும் மேஸ்திரிக்குத் தெரியும். வளைவை ஒட்டி ஒரு ஹோல் இருந்தால் அது முட்டை வடிவத்துக்கு இழுபடும் என்பதும் தெரியும். அன்று இதைப் போய்ச் சொன்னால் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "டிராயிங்ல இருக்கிறபடி பண்ணுங்க சார், மாத்தறதுக்கு எனக்கு பவர் இல்ல." பட்டறைக்காரர் திரும்பி வருவார். நூறு அடித்து, விரிசல் விட்டதைப் பொறுக்கி ஒதுக்கி, மிச்சத்தை அனுப்புவார். ஒதுக்கியதன் விலையை அடுத்த கொட்டேஷனில் சத்தமில்லாமல் ஏற்றிவிடுவார். தவறு டிராயிங்கில், அதற்குக் காசு கொடுப்பது லாரி கம்பெனி, இரண்டு பேருக்கும் அது தெரியாத மாதிரி நடப்பதுதான் அன்றைய வணிக மரியாதை.

இன்று அதே பிராக்கெட், வண்டி சந்தைக்கு வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பே திரையில் வந்து நிற்கிறது. அளவு இன்னும் உறுதியாகவில்லை. கார் கம்பெனியின் டிசைன் இன்ஜினியர் ஒரு பக்கம், சப்ளையரின் டூலிங் ஆள் மறுபக்கம். "அந்த ஹோலை ஃப்ளேஞ்சிலேருந்து கொஞ்சம் தள்ளுங்க, டையில ஒரு ஆபரேஷன் குறையும்" என்கிறார் இவர். அவர் மவுஸை நகர்த்துகிறார். இதற்கு டி.எஃப்.எம். (தயாரிப்புக்கு ஏற்ற வடிவமைப்பு) மீட்டிங் என்று பெயர். ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், சீட் போன்ற பெரிய பாகங்களில் இன்னும் ஒரு படி மேலே: இவ்வளவு இடம், இவ்வளவு எடை, இன்ன வேலை செய்ய வேண்டும் என்று மட்டும் கார் கம்பெனி சொல்கிறது. டிராயிங் சப்ளையரிடமிருந்து போகிறது; கம்பெனி ஒப்புதல் கையெழுத்துப் போடுகிறது. டொயோட்டாவும் அதன் சப்ளையர் டென்சோவும் நெடுங்காலமாகப் பழகிவரும் முறை இது.

நடுவில் நடந்தது சின்ன விஷயமல்ல. 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-இல் சான்ட்ரோ வெளிவந்தது. மறைமலைநகரில் ஃபோர்டும் வந்தது. கொரியர்கள் தங்கள் சப்ளையர்களையும் கூடவே அழைத்து வந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது வயிற்றில் புளியைக் கரைத்த காலம். பி.பி.ஏ.பி., எஃப்.எம்.இ.ஏ. என்று தர ஆவணங்களின் எழுத்துக் கூட்டங்கள் பட்டறைக்குள் நுழைந்தன. முதலில் ஃபைலை நிரப்பும் சடங்காகத்தான் பலர் செய்தார்கள் (இன்றும் ஆடிட்டுக்கு முந்தின இரவில் ஃபைல் நிரப்பும் இடங்கள் உண்டு). ஆனால் கற்றவர்கள் ஆழமாகக் கற்றார்கள். சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பத் தொடங்கியிருந்தது. 1998-இல் சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவுக்கு அதுவே முதல். இவையெல்லாம் தயாரிப்புத் தரத்துக்குக் கிடைத்த மரியாதை. வடிவமைப்பு மேஜையில் நாற்காலி கிடைத்தது பின்னால்தான்.

அந்த நாற்காலி கண்ணுக்குத் தெரிந்த இடம் ரெனோவின் க்விட் கார். ரெனோவின் மலிவு விலை லோகன் காரில் பழம் தின்று கொட்டை போட்ட ஜெரார் டெடுர்பே, இந்தத் திட்டத்துக்காகச் சென்னையிலேயே வந்து தங்கினார். விலையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி ஒவ்வொரு பாகத்தையும் சப்ளையரோடு உட்கார்ந்து குடைவதே முறை. பாரிஸில் எழுதிய ஸ்பெசிஃபிகேஷனை அப்படியே நீட்டினால் வரும் விலை, இந்திய வாடிக்கையாளருக்கு ஆகாத விலை. ஆகவே ஸ்பெசிஃபிகேஷனே பேரம் பேசப்பட்டது. சக்கரத்துக்கு மூன்றே நட்டு, கண்ணாடிக்கு ஒற்றை வைப்பர். 2015-இல் 2.57 லட்ச ரூபாயில் வண்டி தொடங்கியபோது 98 சதவீதம் உள்நாட்டுப் பாகங்கள் என்று ரெனோ அறிவித்தது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. மறுவருஷம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் க்விட்டின் ஆரம்ப மாடல்களுக்குப் பூஜ்ய நட்சத்திரம். காசைக் குறைக்க எல்லோரும் ஒன்றாக உட்காரும் மேஜையில் பயணிகளுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். அது காலியாக இருந்தால் கூட்டு முயற்சி எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே.

இனி காசு விஷயம். மூளை சப்ளையர் பக்கம் நகர்ந்தது. கூடவே செலவும் நகர்ந்தது. டிசைன் இன்ஜினியர் சம்பளம், மென்பொருள் லைசென்ஸ், டிரையல், டெஸ்டிங் எல்லாம் சப்ளையர் கையிலிருந்து முதலில் போகிறது. திரும்பக் கிடைப்பது பீஸ் விலையில் சிறு சிறு துளியாக. வருஷா வருஷம் விலையைக் குறைத்துத் தர வேண்டும் என்ற 'காஸ்ட் டவுன்' வேறு. சொன்ன எண்ணிக்கையில் வண்டி ஓடாவிட்டால் துளியும் இல்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, அந்த வண்டிகளுக்கென்றே செய்த டைகள் வேறு எதற்கு ஆகும்? இரும்பு விலைக்குத்தான்.

கீழே, மூன்றாம் அடுக்கில், காலம் அவ்வளவாக நகரவே இல்லை. பெரிய சப்ளையருக்கு ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்கு இன்றும் முடிந்துபோன டிராயிங்தான் வருகிறது. அம்மோனியா வாடை போய் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்திருக்கிறது. மேஸ்திரி நல்ல யோசனை சொன்னால் அது டிராயிங்கில் ஏறும், பெயர் ஏறாது. மாற்றிய டிராயிங் அடுத்த தெருப் பட்டறைக்குக் கொட்டேஷனுக்குப் போவதும் நடக்கிறது. என் கணக்கில் இது பாதிக் கூட்டாளித்தனம்தான்: யோசனையில் பங்கு கேட்கிறார்கள், நஷ்டத்திலும் பங்கு தருகிறார்கள், உரிமை என்று வரும்போது பேச்சு மாறிவிடுகிறது.

பணம் வந்து சேரும் விஷயத்திலாவது சட்டம் ஓரளவு துணைக்கு வந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான பில்லை அதிகபட்சம் 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தாண்டினால் வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அப்படித் தாமதித்த தொகையைப் பணம் கொடுக்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்பதால் பெரிய கம்பெனிகளின் அக்கவுன்ட்ஸ் பிரிவு இப்போது கொஞ்சம் கலங்குகிறது.

பட்டறை நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டிங்கில் நீங்கள் சொன்ன மாற்றத்தை அன்று மாலையே மினிட்ஸாக மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். டூல் யாருக்குச் சொந்தம், எண்ணிக்கை குறைந்தால் டூல் செலவை யார் ஏற்பது என்பதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் உத்யம் பதிவு இன்னும் போடவில்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், ஆன்லைனில் இலவசம்.