சராசரி மறைத்த குறை



நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, எங்கள் பள்ளியின் இணையத் தொடர்புக்கு வாயிலாக நான்கு செயலிகள் கொண்ட கணிப்பொறி ஒன்று அமைந்திருந்தது. மாணவர் பலர் ஒருங்கே பயன்படுத்துங்கால் தகவல் பொட்டலங்கள் பல இடையிலேயே தொலைந்தன. பொறியின் வேலைச்சுமையோ நூற்றுக்கு 25தான். ஆதலின் குறை கம்பியில் என்று கருதி, அதனைப் பதித்த இளம் ஆசிரியரைக் கடிந்துகொண்டேன்.

உண்மை வேறு. பொட்டலம் வந்ததும் வலையட்டை செயலியைக் குறுக்கிட்டு அழைக்கும், இதுவே 'இண்டரப்ட்'. லினக்ஸ் முறைமையில் 'இண்டரப்ட்ஸ்' என்னும் கோப்பு, எச்செயலி எத்தனை அழைப்புகளை ஏற்றது என்பதைத் தனித்தனிப் பத்தியில் காட்டும். அவ்வாசிரியர் அதனைத் திறந்து காட்டினார். வலையட்டையின் அழைப்புகள் யாவும் முதற்செயலியின் பத்தியிலேயே குவிந்திருந்தன! ஒன்று முழுச்சுமையில் திணற, மூன்று வாளா இருந்தன, சராசரி 25.

அழைப்பையே பங்கிடலாமெனின், அட்டையில் வரிசை ஒன்றே இருந்தது. ஒரே தொடர்பின் பொட்டலங்களைக் கண்டபடி பிரித்தால் அவற்றின் முறையும் பிறழும். 2010இல் லினக்ஸில் சேர்ந்த ஒரு வசதி, ஒவ்வொரு தொடர்பையும் ஒரே செயலிக்கு உரியதாக்கி, வேலையை நான்கிற்கும் பகிர்ந்தளிக்கும். அதனை இயக்கியதும் இழப்பு நின்றது.

அன்று மாலையே அவ்வாசிரியரிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். வகுப்பின் சராசரியை மட்டும் நோக்குபவன், பின்தங்கிய சிறுவனைக் காணான். நாற்பதாண்டு ஆசிரியப் பணி கற்பித்த இப்பாடத்தை, கணிப்பொறியின் முன் நான் மறந்தது வியப்பன்றோ?