பழைய லொறிக்கு எந்த ஹெட்? எந்தக் காபரேற்றர்?

முதுசமாகக் கிடைத்த பழைய லொறியை விற்றுவிட மனமில்லாது, அதனைப் பழுதுபார்த்து மீண்டும் தெருவில் ஓட்டவேண்டுமென்று விரும்பும் குடும்பங்கள் புத்தளக் கரையோரத்திலே உண்டு. உப்பு மூடைகளையும் தேங்காய்களையும் சுமந்து ஒரு குடும்பத்தையே உயர்த்திவிட்ட வாகனமல்லவா? ஆயினும், ஆசை மிகுதியாற் பொருந்தாத உறுப்புகளை வாங்கிப் பூட்டி, பணத்தையும் இழந்து லொறியையும் கெடுத்துக்கொள்வார் பலர்.

இலங்கையிற் பெயர்பெற்ற பெட்போர்ட் லொறியையே உதாரணமாகக் கொள்வோம். இங்கிலாந்தின் வொக்ஸ்ஹோல் கம்பனி 1931 ஆம் ஆண்டில் இப்பெயருடன் லொறிகளை விற்கத் தொடங்கிற்று. அக்கம்பனி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்துக்கு உரியதாயிருந்தமையால், பெட்போர்ட்டின் ஆறு சிலிண்டர் பெற்றோல் இயந்திரம் செவ்ரோலெட் இயந்திரத்தின் வழித்தோன்றலாயிற்று. 1939 இல் வெளிவந்த ‘ஓ’ வகை லொறியின் இயந்திரம் 3,519 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. பின்னாளில் டீசல் இயந்திரம் பூட்டப்பட்ட லொறிகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவற்றுக்குக் காபரேற்றரே கிடையாது.

லொறி மந்தமாக ஓடினால் எல்லோருடைய கையும் முதலிற் காபரேற்றரிடமே செல்கிறது. என் அபிப்பிராயத்தில், முதலிற் கழற்றிப் பார்க்கவேண்டியது ஹெட் எனப்படும் சிலிண்டர்த் தலையையே. வால்வுகள் அமர்வதும், எரிபொருள் வெடித்து எரிவதும் அதன் அடியிலேதான். அது சரியில்லாதபோது எத்தனை உயர்ந்த காபரேற்றரை வாங்கினாலும் பயனில்லை.

பழைய ஹெட்டுக்கு ஏற்பட்ட பெருஞ்சோதனை 2002 ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டிலேதான் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. மக்களின் ஆரோக்கியத்துக்கு அது பெரும் நன்மை. பழைய இயந்திரங்களுக்கோ ஒரு தொல்லை. எரிந்த ஈயத்தின் மெல்லிய படிவு, வெளியேற்று வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே மெத்தைபோற் கிடந்து தேய்மானத்தைத் தடுத்து வந்தது. அது நீங்கியபின், மிகுந்த சுமையுடன் ஓடும் லொறிகளில் வார்ப்பிரும்பு இருக்கை சிறிது சிறிதாகத் தேய்ந்து, வால்வு உள்ளே புதையத் தொடங்கும். வால்வு இடைவெளியைச் சரிசெய்த சில வாரங்களிலேயே அது மீண்டும் மீண்டும் குறைந்துபோகுமாயின், நோய் இதுவே என்று அறியலாம். தேர்ந்த பட்டறையில் இருக்கைகளைக் கடைந்தெடுத்து, கடினமாக்கப்பட்ட உருக்கு வளையங்களைப் பதிப்பதே மருந்து.

இலேசானதென்றும் வெப்பத்தை விரைந்து கடத்துமென்றும் சொல்லி அலுமினிய ஹெட்டைச் சிலர் சிபாரிசு செய்வர். பந்தயக் காருக்கு அது பொருந்தலாம். கற்பிட்டிக்கு அது பொருந்தாது. அலுமினியமும் இரும்பும் உப்பு நீரால் இணையுமிடத்தில் அலுமினியமே முதலில் அரிக்கப்படும். மேலும், வெப்பத்தில் அது இரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், இயந்திரம் ஒருமுறை கொதித்துவிட்டாற்கூட ஹெட் வளைந்துபோகக்கூடும். ஆதலால் இக்கரைக்கு வார்ப்பிரும்பு ஹெட்டே உகந்தது. எதைப் பூட்டினாலும் ரேடியேற்றரிற் கிணற்று நீரை ஊற்றவேண்டாம். சுண்ணாம்பும் உப்பும் கலந்த நீர் உள்ளே படிந்து குழாய்களை அடைத்துவிடும். மாரியிற் சேர்த்த மழைநீருடன் துரு தடுக்கும் திரவத்தைக் கலந்து ஊற்றுவது நன்று.

ஹெட்டைச் செதுக்கி அமுக்க விகிதத்தை உயர்த்தும் ஆசையும் சிலருக்கு உண்டு. அக்காலத்துப் பெற்றோல் லொறிகளின் விகிதம் ஆறுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டியது. இன்றைய 92 ஒக்டேன் பெற்றோலே அதற்குத் தேவைக்கு மேல். 95 ஒக்டேனை ஊற்றுவது வீண் செலவு. மண்ணெண்ணெயைக் கலப்பதோ பெருங்கேடு. கரையிலுள்ள படகுகளின் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் அதற்கென்றே குறைந்த அமுக்கத்துடன் அமைக்கப்பட்டவை. லொறியில் அது இயந்திரத்தைத் தட்டவைத்து, எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்துவிடும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்த பின்னர் அந்தச் சபலமும் பலருக்குக் குறைந்திருக்கும்.

இனிக் காபரேற்றர். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, மேற்சொன்ன இயந்திரம் இரு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. சிலிண்டர்கள் ஐந்தில் நான்கு பங்கே நிரம்புகின்றன என்று கொண்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,200 லீட்டர் காற்றுப் போதும். இதற்குப் பழைய சொலெக்ஸ் அல்லது செனித் வகையில் ஒன்றே தாராளம். பெரிய தொண்டையுள்ள காபரேற்றரிற் காற்று மெதுவாகச் செல்வதால், பெற்றோல் நன்கு தூவப்படாமல் துளிதுளியாக விழும். மணற்பாதையிற் சுமையுடன் கிளம்பும்போது லொறி திணறும். நமக்கு வேண்டுவது வேகமன்று, இழுவை.

கொழும்பு பஞ்சிகாவத்தையிற் பழைய காபரேற்றர் வாங்கச் செல்வோர் முதலில் அதன் திறப்புத் தகட்டின் அச்சை விரலால் ஆட்டிப் பார்க்கவேண்டும். அது ஆடினால், அந்த இடைவெளியாற் காற்றுப் புகுந்து கலவையைக் கெடுக்கும். கிண்ணத்தில் வெள்ளைப்பொடி படிந்திருந்தால், நீர் தேங்கித் துத்தநாக உடல் அரிக்கப்பட்டிருக்கிறதென்று பொருள், அதனை வாங்கவேண்டாம். மலைநாட்டில் ஓடிய வண்டியின் காபரேற்றரானால் இன்னொரு சங்கடம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. அதற்கிசையப் பெற்றோல் பாயும் ஜெட்டின் துளையைச் சிறிதாக்கியிருப்பார்கள். கடல் மட்டத்தில் அதே ஜெட்டுடன் ஓட்டினால் பெற்றோல் போதாமல் வால்வுகள் கருகும்.

எல்லாம் பூட்டியான பின்பு, சுமையேற்றி, பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை ஒருமுறை ஓட்டி, இயந்திரத்தை நிறுத்தியவுடன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். இளங்கபில நிறமாயின் ஜெட் சரி. கரி படிந்திருந்தால் ஓரளவு சிறிய ஜெட்டையும், வெளுத்திருந்தால் ஓரளவு பெரியதையும் இட்டு, மறுநாளும் அதே வழியில் ஓட்டிப் பார்க்கவேண்டும்.